தீயில் கருகிய தகவல் பெட்டகம்!
கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா?

தென் கொரியா நாட்டில் டேஜான் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே சர்க்காரின் தகவல் நிலையம் ஒன்று உண்டு. சர்க்கார் இலாகாக்களின் கம்ப்யூட்டர் வேலைகளில் கணிசமான பகுதி அங்கே நடக்கும்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி இரவு. அந்தக் கட்டிடத்தில் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு பேட்டரி தீப் பற்றியது. தீ மளமளவென்று பரவியது. அதை முழுவதும் அணைக்க மறுநாள் வரை ஆயிற்று.

சர்க்காரின் அறுநூறுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் சேவைகள் நின்றுபோயின. தபால் ஆபீஸ் வேலை தடைப்பட்டது. செல்போனில் அடையாளச் சீட்டைக் காட்ட முடியவில்லை. மக்கள் திண்டாடினார்கள்.

நின்ற சேவைகள் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆனால், ஒன்றில் இருந்த தகவல் திரும்பவே இல்லை. அதன் பெயர் "ஜி டிரைவ்".

அது என்ன? சர்க்கார் ஊழியர்கள் தங்கள் வேலைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் பெட்டகம் அது. ஏழரை லட்சம் ஊழியர்களுக்காக ஏற்படுத்தியது. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம் கொடுத்திருந்தார்கள். "உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் ஜி டிரைவில் வையுங்கள்" என்றும் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி வைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்!

அதில் இருந்த தகவலின் அளவு 858 டெராபைட். இப்பொழுது சாதாரணமாக விற்கும் 128 ஜிகாபைட் செல்போனை எடுத்துக்கொண்டால், சுமார் 6,700 செல்போன்கள் நிரம்பும். அவ்வளவும் சாம்பல்!

நகல் எங்கே?

வேறு இடத்தில் நகல் இல்லையா? இல்லை. "அளவு மிகப் பெரியது. அதனால் வெளியே நகல் எடுத்து வைக்கவில்லை" என்று காரணம் சொல்லப்பட்டது.

மேலதிகாரிகள் ஒப்புதல் கொடுத்த ஆவணங்கள் வேறோர் ஏற்பாட்டிலும் பதிவாகியிருந்தன. ஆகவே, நாட்டின் ஆவணங்கள் எல்லாமே அழிந்துவிட்டன என்று சொல்ல முடியாது. ஆனால், ஊழியர்கள் பல வருஷங்களாகச் சேர்த்த குறிப்புகள், கணக்குகள், பாதியில் நின்ற வேலைகள் எல்லாம் போயின.

உலகத்திலேயே கம்ப்யூட்டர் துறையில் முன்னணியில் நிற்கும் நாடுகளில் ஒன்று தென் கொரியா. அங்கேயே இந்தக் கதி என்றால் மற்ற இடங்களின் நிலை என்ன?

இந்தக் கேள்வி எங்கும் எழுந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தகவல் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சேர்த்து வைப்பது வேறு, காப்பாற்றுவது வேறு.

நாலு எமன்கள்

கம்ப்யூட்டர் தகவலுக்கு எமன் ஒருவன் அல்ல. நாலு பேர்!

முதல் எமன்: பொருள் கெடுவது. தட்டு, நாடா, பென் டிரைவ் எதுவானாலும் ஒரு நாள் கெட்டுவிடும். தீ வேண்டாம், வெள்ளம் வேண்டாம். சும்மா கிடந்தாலே கெடும்.

இரண்டாவது எமன்: படிக்கும் யந்திரம் மறைவது. பிளாப்பி தட்டு பலர் வீட்டில் இன்னும் இருக்கலாம். அதைப் படிக்கும் பெட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது?

மூன்றாவது எமன்: அர்த்தம் மறைவது. ஒரு பழைய தாளில் "38, 40, 41" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது என்ன? காய்ச்சலா? வெயிலா? வயதா? எழுதியவர் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? எண் இருக்கும், அர்த்தம் இருக்காது.

நாலாவது எமன்: பொறுப்பாளர் மறைவது. ஆபீஸ் மூடப்படும். பணம் நின்றுபோகும். "இது யாருடைய பொறுப்பு?" என்று கேட்டால் பதில் வராது.

இந்த நாலு எமன்களும் ஏற்கனவே பெரிய பெரிய நிறுவனங்களையே பதம் பார்த்திருக்கிறார்கள்.

900 வருஷமும் 16 வருஷமும்

இங்கிலாந்தில் 1086-ம் ஆண்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. வில்லியம் மன்னர் உத்தரவின்பேரில் யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு மாடு என்று கணக்கு எடுத்தார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்று பெயர். தோலில் எழுதிய அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. படிக்கவும் முடிகிறது.

அதன் 900-வது ஆண்டு 1986-ல் வந்தது. அப்பொழுது பி.பி.சி. ஒரு புதுமை செய்தது. நாட்டு மக்களின் வாழ்க்கையைப் படமும் எழுத்துமாகச் சேகரித்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்பட பத்து லட்சத்துக்கும் அதிகமான பேர் அதில் கலந்துகொண்டார்கள். சுமார் 25 லட்சம் பவுன் செலவாயிற்று. அத்தனையையும் பெரிய லேசர் தட்டுகளில் பதிவு செய்தார்கள்.

என்ன ஆயிற்று? தட்டு கெடவில்லை. ஆனால், அதைப் படிக்கும் யந்திரங்கள் கடைகளில் இருந்து மறைந்தன. புத்தாயிரம் பிறந்தபோது, அந்தத் தட்டுகளைப் படிக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டது. 900 வருஷத்துப் புத்தகம் படிக்க முடிகிறது. பதினாறு வருஷத்துத் தட்டைப் படிக்க முடியவில்லை!

லீட்ஸ் சர்வகலாசாலையும் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையும் கைகொடுத்தன. பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் ஒரு புரோகிராமைத் தயாரித்து, 2002-ல் அந்தத் தகவலைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். போன உயிர் திரும்பியது.

நிலாவின் படம் போன கதை

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேதனையானது. 1969-ம் ஆண்டு ஜூலை மாதம் மனிதன் முதன்முதலாக நிலாவில் கால் வைத்தான். அந்தக் காட்சி காந்த நாடாக்களில் பதிவாயிற்று. உலகம் டெலிவிஷனில் பார்த்த படத்தைவிட அந்த நாடாக்களில் இருந்த படம் தெளிவானது.

பல வருஷங்கள் கழித்து அவற்றைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. "அந்த நாடாக்களை அழித்து, மறுபடி வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும்" என்று நாசா நிறுவனம் 2009-ல் அறிவித்தது. அப்பொழுது நாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒரு பழைய நாடாவை எடுத்தார்கள், அழித்தார்கள், மறுபடி பதிந்தார்கள். அது என்ன நாடா என்று யாரும் யோசிக்கவில்லை!

டெலிவிஷன் நிலையங்களில் இருந்த நகல்களைக் கொண்டு படத்தைச் சீர்செய்தார்கள். மனிதன் நிலாவில் நடந்த காட்சி அழியவில்லை. ஆனால், அதன் மிகத் தெளிவான பதிவு போனது போனதுதான்.

நல்ல பெட்டகம் எது?

இந்தக் கஷ்டங்களைக் கண்டவர்கள் விதிமுறைகளை வகுத்தார்கள். இவர்களில் விண்வெளி விஞ்ஞானிகளும் உண்டு. அவர்கள் வகுத்த திட்டம் 2003-ல் உலகத் தர விதியாயிற்று. தகவலை வாங்குவது எப்படி, வைப்பது எப்படி, கொடுப்பது எப்படி என்று அது சொல்கிறது.

பிறகு 2012-ல், நம்பத்தக்க பெட்டகத்தைச் சோதிக்கும் உலகத் தர விதி வந்தது. 2017-ல் "கோர் டிரஸ்ட் சீல்" என்ற நம்பிக்கை முத்திரை ஏற்பட்டது. நகைக்கு ஹால்மார்க் முத்திரை போல, தகவல் பெட்டகத்துக்கு இந்த முத்திரை. இதைப் பெற 16 சோதனைகளில் தேற வேண்டும். ஒரு தடவை வாங்கினால் ஆயுள் முழுவதும் செல்லும் என்பதும் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடி சோதனை உண்டு.

முத்திரை கேட்டு வருபவர்களிடம் ஒரு முக்கியமான கேள்வி கேட்கப்படுகிறது. "எந்த அளவுக்குப் பராமரிக்கிறீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி. பராமரிப்பில் பல படிகள் இருக்கின்றன.

ஐந்து படிகள்

ஒரு குடியானவர் விதை நெல்லைக் காப்பதாக வைத்துக்கொள்வோம். படிகள் சுலபமாக விளங்கும்.

முதல் படி: வந்த மூட்டையை வந்தபடி வைப்பது, கேட்டவருக்கு அப்படியே கொடுப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ரயில் நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பது போன்றது இது.

இரண்டாம் படி: வாசலில் சோதிப்பது. மூட்டை கிழிந்திருக்கிறதா? சீட்டு ஒட்டியிருக்கிறதா? என்ன நெல், யார் கொடுத்தது? விவரம் இல்லாவிட்டால் உள்ளே விடுவதில்லை.

மூன்றாம் படி: புடைத்து எடுப்பது. கல்லும் பதரும் நீக்கி, சரியான சீட்டு எழுதி வைப்பது. தகவலில் இது பெயர், தேதி, விளக்கம் எல்லாம் எழுதி, குறைகளைத் திருத்துவது.

நாலாம் படி: குதிர் மாற்றுவது. பழைய குதிர் இடியும் முன்னே புதுக் குதிருக்கு மாற்றுவது. பழைய வகைக் கம்ப்யூட்டர் பைல் வழக்கொழிந்து போகும் முன்னே அதைப் புதிய வகைக்கு மாற்றுவதுதான் இந்தப் படி.

ஐந்தாம் படி: முளைக்கும் சக்தியைக் காப்பது. நெல் இருந்தால் போதாது. விதைத்தால் முளைக்க வேண்டும். தகவல் திறந்தால் போதாது. படிப்பவருக்குப் புரிய வேண்டும். காலம் மாறும்போது சொற்களும் அளவுகளும் மாறும். அதற்கு ஏற்ப விளக்கங்களைப் புதுப்பித்துக்கொண்டே வருவது கடைசிப் படி.

படி ஏற ஏறச் செலவு ஏறும். முதல் படிக்கு இடம் இருந்தால் போதும். ஐந்தாம் படிக்கு அந்தத் துறை படித்த ஆட்கள் வேண்டும். ஆகவே, எல்லாத் தகவலையும் ஐந்தாம் படியில் வைக்க யாராலும் முடியாது. எதை எந்தப் படியில் வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதல் படியில் வைத்துவிட்டு ஐந்தாம் படியில் வைத்ததாகப் பெயர் பண்ணுவதுதான் ஆபத்து. மூட்டையைக் கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார். விதைக்கிற நாளில்தான் விஷயம் தெரியும்.

ஏழில் தொடங்கி இரண்டு லட்சம்

உயர்ந்த படியில் பராமரித்தால் என்ன பலன்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

நம் உடம்பு புரதங்களால் இயங்குகிறது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஒரு புரதம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் ஒரு புரதம். ஒரு புரதத்தின் உருவம் தெரிந்தால் அதற்கு ஏற்ற மருந்து செய்யலாம். பூட்டின் உள் அமைப்பு தெரிந்தால் சாவி செய்வது போல!

அந்த உருவங்களைச் சேர்த்து வைக்க 1971-ல் அமெரிக்காவில் "புரதத் தகவல் வங்கி" தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் இருந்தவை ஏழே ஏழு உருவங்கள். 2023-ல் அது 2 லட்சத்தைத் தாண்டியது. ஓர் உருவத்தை மறுபடி கண்டுபிடிக்கச் சராசரியாக ஒரு லட்சம் டாலர் ஆகும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அப்படியானால் வங்கியின் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வங்கி வாங்கியபடி வைப்பதில்லை. வரும் ஒவ்வொரு உருவத்தையும் வாசலில் சோதிக்கிறார்கள். சோதிக்கும் கருவிகளில் ஒன்று சென்னையில் பிறந்தது!

சென்னை சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அவரும் அவருடைய சகாக்களும் 1963-ல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். நம் முழங்கை முன்னால் மடங்கும், பின்னால் மடங்காது. அதுபோலவே புரதச் சங்கிலியும் சில கோணங்களில்தான் மடங்கும். எந்தக் கோணம் நடக்கும், எந்தக் கோணம் நடக்காது என்று அந்த வரைபடம் காட்டுகிறது. "ராமச்சந்திரன் படம்" என்றே உலகம் அதை அழைக்கிறது.

இன்றும் வங்கிக்கு ஒரு புரத உருவம் வந்தால் அதை ராமச்சந்திரன் படத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக மடங்கிய இடங்களைக் குறித்துக் காட்டுகிறார்கள். அனுப்பியவர் மறுபடி சரிபார்க்கலாம். பிற்காலத்தில் எடுத்துப் படிப்பவரும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

குதிர் மாற்றிய கதை

வங்கி தொடங்கிய காலத்தில் கம்ப்யூட்டருக்கு அட்டையில் துளை போட்டுத் தகவல் கொடுப்பார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துதான் கொள்ளும். அந்த அளவை வைத்தே வங்கியின் பைல் வகையும் அமைந்தது. அணுவுக்கு எண் போட ஐந்து இலக்கம்தான் இடம். அதாவது 99,999 அணுக்களுக்கு மேல் ஒரு பைலில் எழுத முடியாது.

பிறகு பெரிய பெரிய உருவங்கள் வந்தன. உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலை போன்றது "ரைபோசோம்". அதன் உருவத்தை ஆராய்ந்ததற்காக 2009-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். முழு ரைபோசோம் ஒரு பைலில் அடங்கவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள்.

வங்கி சும்மா இருக்கவில்லை. அளவுக் கட்டுப்பாடு இல்லாத புதிய வகைக்கு மாறியது. துண்டுகளாக இருந்தவற்றை 2014-ல் ஒன்று சேர்த்தது. குதிர் மாறியது, நெல் சிந்தவில்லை!

பொறுப்பாளரும் மாறினார். 1990-களின் இறுதியில் வங்கி ஒரு நிறுவனத்தின் கையில் இருந்து வேறு கைக்குப் போனது. 2003-ல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றிலும் உள்ள நிலையங்கள் உலகப் பொது வங்கியாகச் சேர்ந்தன. ஒரு இடத்தில் தீப் பிடித்தாலும் மற்ற இடங்களில் தகவல் இருக்கும்.

பலன் என்ன?

2020-ம் ஆண்டு தொடக்கத்தில் கொரோனா பரவியது. அந்தக் கிருமியின் முக்கியமான ஒரு புரதத்தின் உருவம் பிப்ரவரி மாதமே இந்த வங்கி மூலம் உலகத்துக்குக் கிடைத்தது. அதே புரதத்தைத் தாக்கும் மாத்திரை ஒன்று 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது.

இன்னொரு பலன் யாரும் எதிர்பாராதது. வங்கியில் உள்ள உருவங்களைக் கம்ப்யூட்டருக்குப் பாடமாகக் கொடுத்தார்கள். "ஆல்பா போல்டு" என்ற செயற்கை அறிவு, புரதத்தின் உருவத்தைத் தானே கணித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

1971-ல் ஏழு உருவங்களைச் சேர்த்தவர்கள் இதைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். தகவலைச் சரியாகச் சோதித்து, ஒரே ஒழுங்கில் வைத்திருந்ததால்தான் கம்ப்யூட்டர் அதைப் பாடமாகப் படிக்க முடிந்தது. குப்பையாகக் குவித்திருந்தால் படித்திருக்க முடியுமா?

கேட்க வேண்டிய கேள்விகள்

நிலப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இது நல்லதுதான். ஆனால், எந்த நிறுவனமானாலும் "கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம்" என்று சொல்வதோடு திருப்தி அடையக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் வருமாறு:-

எத்தனை நகல்? வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றனவா?

நகல் கெடவில்லை என்று அவ்வப்போது சோதிக்கிறார்களா? (ஒவ்வொரு பைலுக்கும் கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைக்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதை வைத்துக் கெட்டதைக் கண்டுபிடிக்கலாம்.)

எந்தப் படியில் பராமரிப்பு? எத்தனை வருஷத்துக்கு?

நிறுவனம் மூடப்பட்டால் அடுத்த பொறுப்பாளர் யார்?

கொரியாவில் முதல் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, பதிலை வாங்கியிருந்தால் 858 டெராபைட் சாம்பலாகியிருக்காது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பெட்டகம் இருக்கிறது. அதுதான் செல்போன்! கல்யாணப் படம், குழந்தையின் முதல் நடை, தாத்தாவின் குரல் எல்லாம் அதற்குள்தான்.

போன் தொலைந்தால்? தண்ணீரில் விழுந்தால்?

முக்கியமான படங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று போனில் இருக்கட்டும். ஒன்று வீட்டில் தனி டிரைவில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். அரட்டைச் செயலி வழியாக அனுப்பிய படத்தை மூலப் படமாக எண்ணக் கூடாது. அனுப்பும்போது அதன் தெளிவு குறையலாம்.

படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி வைக்க வேண்டும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது, எல்லாம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய டிரைவில் இருப்பதை ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை புதியதற்கு மாற்ற வேண்டும்.

ஓலைச் சுவடி செல்லரிக்கும் முன்னே நம் முன்னோர்கள் புது ஓலையில் பிரதி எடுத்தார்கள். அதனால்தான் பழைய நூல்கள் இன்று கையில் இருக்கின்றன. ஓலை போய் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பிரதி எடுக்கும் வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.